கீழவெண்பாறை ஆலயத்தின் வெள்ளிக் கிண்ணம்

உள்ளத்தை ஆராய்ந்தறியும் ஒருவனே, மூவொருமையாய் நிற்கும் முதல்வனே, என் நாவு கூட்டாமலும் குறைக்காமலும் உரைக்கக் காவலாயிரும்.

என் பெயர் தங்கசாமி. தகப்பனார் பெயர் ஆசீர்வாதம். வயது 74. பெரம்பலூர் மாவட்டம், குன்னம் வட்டம், கீழவெண்பாறை, கோயில் தெரு, கதவு எண் 7 என்ற முகவரியில் குடியிருக்கிறேன். தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்ப் பேராயத் திருச்சபை ஆலயத்தில் நாற்பத்தோரு ஆண்டுகளாக உபதேசியாராக, அதாவது ஆயருக்கு அடுத்த நிலையில் வேதபாடம் வாசித்து, ஜெபம் நடத்தி, திருவிருந்துப் பாத்திரங்களைக் காக்கும் ஊழியனாக இருந்து வருகிறேன். 10.04.2025 அன்று நான் கொடுத்த புகாரின் தொடர்ச்சியாக, இன்று 12.04.2025 பகலில், உதவி ஆய்வாளர் திருமதி நர்மதா அவர்கள் முன்பாக இந்தக் கூடுதல் வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

எங்கள் ஆலயத்தில் திருவிருந்தின்போது திராட்சரசம் பரிமாறப் பழைய வெள்ளிக் கிண்ணம் ஒன்று உண்டு. அது வைக்கப்படும் அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடமும், மற்றொன்று ஆயர் சாமுவேல் பரணிதரன் அவர்களிடமும் இருக்கும். ஆயர் எங்கள் ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது. ஆலயத்தைக் கூட்டித் துடைக்கும் பணியை இருசம்மாள் என்பவர் செய்கிறார். அவர் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஊராட்சிப் பள்ளியையும் அவரே கூட்டுகிறார். திருட்டு வழக்கு ஒன்று பதிவானால் அந்த வேலை போய்விடும் என்பது புகார் எழுதும்போதே எனக்குத் தெரியும்.

31.03.2025 திங்கட்கிழமை காலை ஏழு மணியளவில் நான் ஆலயத்துக்குச் சென்றபோது, ஆயர் அங்கி மாற்றும் அறைக்குப் பின்புறம், கம்பி வேலி போட்ட பூவரச மரத்தடியில் இருசம்மாள் ஒரு வாளியிலிருந்து சிவந்த நீரை ஊற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அவர் கையில் பலிபீடத்தின் வெள்ளைத் துணி இருந்தது. வியாழக்கிழமை துவைக்க வேண்டிய துணி திங்கட்கிழமை நனைவானேன் என்று கேட்டேன். "தூசித் துணிங்கய்யா, அலசிப் போடறேன்" என்று சொல்லி, அதை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். தூசியின் நிறம் சிவப்பன்று என்பதை அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு 05.04.2025 சனிக்கிழமை, வழக்கம்போலக் கிண்ணத்தை விளக்குவதற்காக அலமாரியைத் திறந்தபோது கிண்ணம் இல்லை. பூட்டு உடைபடவில்லை. ஆயரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பாராமல், "பத்திரமா இருக்குங்கய்யா. நாளைக்குச் சின்னக் கிண்ணத்துல நடத்திக்கலாம்" என்றார். எங்கே இருக்கிறது என்று நான் கேட்க, அவர் பிரசங்கக் குறிப்பைப் புரட்டினார். மறைவானது ஏதும் வெளிப்படாமல் போவதில்லை என்று வேதத்தில் படித்தவன் நான். ஆகவே அன்று முதல் இருவரையும் கவனிக்கத் தொடங்கினேன்.

அதன் பிறகு 07.04.2025 அன்று அங்கி அறையின் சன்னலருகே நான் நின்றபோது, ஆயர் இருசம்மாளிடம், "பெரியவருக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா, வாக்குக் குடுங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. "நான் ஏன் சாமி சொல்லப்போறேன்" என்றார் அவர். நான் உள்ளே நுழைந்ததும் இருவரும் தென்னை ஓலை வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆயர் மறுநாள் காலை, கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் மௌனத் தியானக் கூடுகைக்காக மலைக்குப் புறப்பட்டுப் போனார்.

அதன் பிறகு 09.04.2025 காலை, இருசம்மாள் வெள்ளைத் துணியில் கட்டிய மூட்டையோடு அரியலூர் பஸ்ஸில் ஏறுவதைக் கண்டேன். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "தா.பழூருக்கு, மக வூட்டுக்குங்கய்யா" என்றார். மூட்டையின் அடியில் பாத்திரத்தின் வட்டம் துணியில் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள், இருசம்மாள் திருடினார் என்றும், ஆயர் அதற்கு உடந்தை என்றும் இந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன்.

11.04.2025 காலை முதல் மாலை ஐந்து மணி வரை இருசம்மாள் இங்குள்ள பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "ஆயரய்யா வந்து சொல்லுவாரு, நான் வாக்குக் குடுத்துட்டேம்மா" என்பதைத் தவிர அவர் வேறு பேசவில்லை. மறுநாள் பகலுக்குள் வாய் திறக்காவிட்டால் வழக்குப் பதியப்படும் என்று உதவி ஆய்வாளர் அம்மையார் எச்சரித்து அனுப்பினார்கள். அப்போது அவர் என்னைப் பார்த்து, "மதியம் ஒண்ணும் சாப்புடலியே நீங்க" என்றார். அதையும் தந்திரம் என்றே எண்ணினேன்.

இன்று காலை பதினொரு மணிக்கு, மலையிலிருந்து திரும்பிச் செய்தி அறிந்த ஆயர், அரியலூரில் வெள்ளி வேலை செய்யும் கண்ணையன் ஆசாரியுடன் இங்கே வந்தார். ஆசாரி கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். அடியில் புதிதாகப் பற்றவைத்த ஒட்டு இருந்தது. உள்ளங்கை ரேகைபோல் தேய்ந்திருந்த இடத்தைக் காட்டி, "யாருங்க இதை விளக்குனது? வெள்ளி விளக்குற கையா, அம்மி கொத்துற கையா? இன்னும் நாலு மாசம் போயிருந்தா சல்லடைதான்" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் புளியும் சலித்த செங்கல் பொடியும் இட்டு அந்தக் கிண்ணத்தை நாற்பத்தோரு ஆண்டுகள் விளக்கியவன் நான். பித்தளைக்குரிய பொடியை வெள்ளிக்குப் போடலாமா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அது பளிச்சிடுவதைச் சபையாரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

30.03.2025 ஆராதனையில் கிண்ணம் கசிந்து பலிபீடத் துணி நனைந்ததை ஆயர் மட்டும் கண்டிருக்கிறார். அர்ப்பணித்த இரசம் நனைத்த துணியை முதலில் அலசி, அந்த நீரைக் கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை இருசம்மாளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். என் பொறுப்பில் ஒரு துளியும் சிந்தியதில்லை என்ற நினைப்பினால் அந்தச் சிவந்த நீர் எனக்கு விளங்கவில்லை. என்னைப் பாத்திரப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவில் பேச்சு இருப்பதால், நான் அறியாமலே பழுது பார்த்து வைத்துவிட எண்ணியதாக ஆயர் கூறினார். அவர் மறைத்தது இரக்கத்தினாலா, என் முதுமையின் மேல் நம்பிக்கை இல்லாததினாலா என்பதை நான் அறியேன். கேட்கவும் இல்லை.

இருசம்மாளைத் தா.பழூர் குறித்துக் கேட்டேன். "பொய்யில்லிங்கய்யா, ஆசாரிகிட்ட குடுத்துட்டு மக வூட்டுக்கும்தான் போனேன்" என்றார்.

ஆகவே 10.04.2025 அன்று நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். கிண்ணம் திருடப்படவில்லை. அதைத் தேய்த்து ஓட்டையாக்கியவன் நானே. இருசம்மாள் மேல் யாதொரு குற்றமும் இல்லை என்பதைப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். அலமாரிச் சாவியை ஆயரிடம் இப்போதே ஒப்படைத்துவிட்டேன்.

அடையாளம் காட்டுவதற்காகக் கிண்ணத்தை அம்மையார் என் கையில் கொடுத்தபோது, அது மங்கலாக இருந்ததால், என்னை அறியாமல் தோள் துண்டை எடுத்து அதன் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினேன். இருசம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்து, "போதுங்கய்யா, விடுங்க" என்றார். அப்போது விட்டேன்.

இதில் எழுதப்பட்டவை என் வாயால் சொன்னவை. வாசித்துக் காட்டக் கேட்டேன். யாவும் மெய். என் முதல் புகாரில் பொய் இருந்தது என்பதும் மெய்.

(ஒப்பம்) ஆ. தங்கசாமி

இதை வாசிக்கும் உங்களையும் உங்கள் இல்லத்தாரையும், இருசம்மாளின் இல்லத்தாரையும், உறங்காமல் காக்கும் கர்த்தர் தம் சமாதானத்தால் சூழ்ந்திருப்பாராக.