கழுகுக் கண்ணருக்கு, கண் அறுவைக்கு முந்திய மாலையில்

பெருமதிப்பிற்குரிய தலைமைப் பயிற்றுநர் திரு. ஞா. கிருபாநிதி அவர்களே! நாசரேத்து தந்த நன்மணியே! ஸ்டம்புக்குப் பின்னே குந்தியிருந்தே அணியின் மானம் காத்த காவலரே! கழுகுக் கண்ணரே!

தங்கள் ஓய்வு விழாவுக்கான இந்த வாழ்த்துமடலில் அந்தக் கடைசி விளிப்பைச் சென்ற வாரமே எழுதிவிட்டோம். முந்தாநாள் தங்கள் துணைவியார் ஞானபாக்கியம் அக்கா வந்து சொன்னதைக் கேட்டபின், அதை அடித்துவிடலாமா என்று மாலை முழுவதும் எங்களுக்குள் வாதாடினோம். இடக்கண் பழைய பந்தடியில் என்றைக்கோ மங்கிவிட்டது, இந்தப் பருவத்தில் வலக்கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது, நாளைக் காலை மதுரையில் அறுவை சிகிச்சை, பார்வை மீளுமென்று மருத்துவரே உறுதி சொல்லவில்லை என்றார் அக்கா. கடைசியில் அந்த விளிப்பை அடிக்காமலே விட்டோம்.

மாநில அணிக்காகப் பருவம் பருவமாகக் குனிந்து, நிமிர்ந்து, பாய்ந்து, பறந்து, பத்து விரலும் பத்துத் திசையில் வளையப் பந்து பிடித்தவர் தாங்கள். நாட்டின் அணியில் தங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. கேட்டவர்களிடம், "ஸ்டம்புக்குப் பின்னால ரெண்டு பேரா நிக்க முடியும்? அவன் என்னய விட நல்லாப் புடிச்சான்ல, போட்டும்" என்று சொல்லிவிட்டு, உப்புக்காற்று வீசும் இந்தத் தூத்துக்குடி மைதானத்துக்கு வந்து, எங்கள் பயிற்சியகத்தை வளர்த்தெடுத்தீர்கள்.

இந்தப் பருவத்தில் பயிற்சி வலையோரம் கண்ணை மூடி நிற்கத் தொடங்கினீர்கள். ஏனென்று கேட்டோம். "ஏலே, பந்து மட்டையில படுத சத்தத்தக் கேளு. விளிம்பா நடுவான்னு அது சொல்லும்" என்றீர்கள். ஆகா, புதிய பயிற்சிமுறை என்று நாங்களும் கண்ணை மூடி நின்றோம். உதவிப் பயிற்றுநர் வில்பிரட் அப்படி நின்று முழங்காலில் பந்து வாங்கி நொண்டியபோது, "ஒனக்கு எதுக்குல இந்த வேல?" என்று முதலில் சிரித்தவரும் தாங்களே. பார்க்க முடியாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று, கூடவே நின்ற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோபமாக வருகிறது ஐயா. பருவம் பாதியில் கெட்டுவிடக் கூடாதென்று அறுவை சிகிச்சையை ஓய்வுபெறும் நாள்வரை தள்ளிப்போட்டீர்களாமே. கோப்பை போனால் அடுத்த ஆண்டு வரும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்போமே.

வில்பிரட் ஆலயத்தில் ஜெபத்திற்குச் சொல்லியிருக்கிறார். அலுவலகத்துச் சண்முகவடிவு திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறார். பல்லாண்டு நலமோடு வாழ்க என்று வாழ்த்துவது முறை, வாழ்த்துகிறோம். ஆயினும் இன்றிரவு எங்கள் நெஞ்சில் இருப்பது நாளைக் காலை ஒன்றுதான்.

வழக்கப்படி இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் தரவேண்டும். தரமாட்டோம். இன்று ஸ்கோரர் ஜெபசுதா வாசிக்கத் தாங்கள் காதால் கேட்டது போதும். உடைமாற்றும் அறையில், தங்கள் கையுறைகள் தொங்கிய ஆணியில் இது தொங்கும். கட்டு அவிழ்ந்ததும் வந்து, தாங்களே வாசித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிடலாமா என்று கேட்டார் வில்பிரட். நாங்கள் ஒப்பவில்லை. எல்லார்க்கும் அச்சிடும் அளவில்தான் அச்சிட்டிருக்கிறோம்.

தங்கள் வரவை நோக்கி,
முத்துக்கரை கிரிக்கெட் பயிற்சியகப் பணியாளர்கள்,
தூத்துக்குடி.