எதிரும் புதிரும் ஓர் அறையில்

அவையை அலங்கரிக்கும் தலைமையாசிரியை அவர்களே, அணுவை எனக்கு அறிமுகம் செய்த வேதியியல் ஆசிரியரே, ஆன்றோரே, அரைநாள் விடுப்பெடுத்து வந்திருக்கும் அன்னையரே, கடைசி வரிசையில் கிசுகிசுக்கும் என் தோழியரே, வணக்கம்!

 

கண்ணுக்கே தெரியாத எலக்ட்ரானுக்கும் கட்டுப்பாடு உண்டா? உண்டு! அணுவுக்குள் ஆர்பிட்டால் என்னும் அறைகள் உண்டு. ஓர் அறையில் இருவர்தான், மூன்றாமவருக்கு இடமில்லை. ஒரே மட்டத்து அறைகளில் முதலில் ஆளுக்கொன்றாகக் குடியேறும். காலி அறை தீர்ந்த பிறகே ஒன்று இன்னொன்றின் அறைக்குள் வரும். என்ன சிரிப்பு? பேருந்தில் நாமும் அப்படித்தானே உட்காருகிறோம்!

சென்ற ஆண்டு என் அம்மா மறுமணம் செய்துகொண்டார். அவர் கணவரோடு, என்னைவிட மூத்தவளான அவருடைய மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலி அறை ஏது? என் அறையில்தான் கட்டில் போட்டார்கள். நான் வாய் ஓயாதவள். அவள் வாய் திறவாதவள். அவளுக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும். எனக்கு மூடியிருக்க வேண்டும்.

"ஈர சாக்ஸ் போட என் தலகாணிதான் கிடைச்சுதா?"

"அதுவாவது பேசாம இருந்துச்சு" என்றாள் அவள்.

சண்டை முற்றியது. அவள் தந்தை சொன்னார்: "எதிரும் புதிருமா இருக்கறவங்கள ஒரே ரூம்ல வெக்க முடியாது. சின்னவ நிம்மதியாப் படிக்கட்டும். என் பொண்ண அவ அத்தை வீட்ல விட்டுடறேன்." வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்புகிறாள்.

அவர் அப்படிச் சொன்ன வாரம் வகுப்பில் ஓர் அறைக்குள் இரண்டு எலக்ட்ரான்களை வரைந்தேன். சுழற்சியைக் காட்டும் அம்புகள் இரண்டையுமே மேல்நோக்கிப் போட்டுவிட்டேன். ஆசிரியர் தலையில் கை வைத்தார்.

"ஒரே மாதிரி சுத்தினா ஒரே அறையில இருக்கவே முடியாதும்மா! ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. எதிரும் புதிருமா இருந்தாதான் இடம்!"

பெரியோர்களே! எதிரும் புதிரும் சேர்ந்து வாழாது என்று சொன்னது யார்? நீங்கள் குடிக்கும் நீர் சொன்னதா? நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலி சொன்னதா? அவற்றுக்குள் எங்கெங்கும் அப்படிப்பட்ட இணைகள் அமைதியாகக் குடியிருக்கின்றனவே! எனக்குக் காய்ச்சல் கண்டபோது, கேட்காமலே எழுந்து சன்னலைச் சாத்தியவள் யார்? அவள்தானே!

இந்த அவையில் என் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு சொல். உங்களை இதுவரை நான் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை.

அப்பா, அக்காவை அனுப்பாதீங்க.

செவி தந்த அவைக்கு நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.