தணுப்பு அறை

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்த எவருக்கும் என் தொழிலைப் புரியவைத்துவிடலாம், சார். பால் தயிராவதற்கு யாரும் அடுப்பெரிப்பதில்லை. உறைமோரிலுள்ள கிருமிகளே பார்த்துக்கொள்ளும். அக்ரிலோநைட்ரைல் என்ற திரவத்தை அக்ரிலமைடாக மாற்ற மற்றவர்கள் செம்பையும் கொதிசூட்டையும் நம்பியிருந்தார்கள். எனக்கு ஒரு பாக்டீரியா போதும். அதன் உடம்பிலிருக்கும் நொதி, குளிர்ந்த தண்ணீரிலேயே சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும். மட்டாஞ்சேரிப் படகுத்துறைச் சேற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவன் நான். "பிள்ளை இல்லாத குறைய இது தீர்த்துருச்சு உங்களுக்கு" என்று என் மனைவி சுல்ஃபத் கேலி செய்வாள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஆலை ஆலுவாவுக்கு அப்பால். மட்டாஞ்சேரியிலிருந்து கம்பெனி வண்டியில் ஏறுபவர்கள் நானும் தங்கதுரையும்தான். தென்காசிப் பக்கத்துக்காரன், குளிரூட்டிய தொட்டி அறையில், எங்கள் பேச்சில் தணுப்பு ரூமில், உதவியாள். நான் சொன்னால் மறுபேச்சே கிடையாது.

பாக்டீரியா வேலை செய்யும் தொட்டியைக் கலக்கும் தண்டு நுழையுமிடத்தில் சீல் கசியத் தொடங்கியது. அதை மாற்ற வேண்டுமானால் குளிரூட்டியை நிறுத்த வேண்டும். சூடு ஏறினால் என் பாக்டீரியாக்கள் செத்துப்போகும். ஆகவே கசிவதைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்படி தங்கதுரையிடம் சொன்னேன். அவன் கையுறையில் விரல்நுனிகள் கிழிந்திருந்ததைப் பார்த்தேன். நைட்ரைல் நெடியடிக்கும், ஆள் விலகி நின்றுகொள்வான். தொட்டியில் உருவாகும் அமைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தோல் வழியாக இறங்கிக் கைகால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும். படித்தவன் ஆயிற்றே, எனக்குத் தெரியும்.

"சாரே, கை மரத்துப் போவுது. தோலு வேற உரியுது" என்றான்.

"தணுப்பு ரூம்ல நிக்கிறல்ல, அதான். கொறச்சு நேரம் வெந்நில கைய வையி" என்றேன்.

வைத்தான். கொப்புளங்களைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் கொதித்தது அவனுக்குத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் பஜார் ரோட்டில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான். இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. வெயிலில் காய்ந்த தாரில் வெறுங்காலை வைத்து அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மறுநாள் குதிகாலில் வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் போட முடியாமல் தவித்தபோது டீ-சர்ட் கொடுத்தேன். நோயின் அடையாளம் யார் கண்ணிலும் படவில்லை.

அவன் மனைவி செல்வலட்சுமி வீட்டுக்கே வந்துவிட்டாள். "அவுகளுக்கு வேற வேல போட்டுக் குடுங்க சாரே. பிள்ளையத் தூக்கவே பயப்படுதாக." செய்கிறேன் என்றேன். செய்யவில்லை. காரணத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். வேறு வேலைக்கு மாற்றினால் சில மாதங்களில் அவன் கைகால்கள் தேறத் தொடங்கியிருக்கும். தேறினால் நோய் எங்கிருந்து வந்ததென்று தெரிந்துவிடும். தொட்டியை மூடச் சொல்வார்கள். அதனால் அவனை அங்கேயே வைத்திருந்தேன்.

தொட்டியின் இரும்பு ஏணியில் நின்று துடைத்துக்கொண்டிருந்தான். கால் படியில்தான் இருக்கிறதென்று நினைத்துக் கையை விட்டான். தலை சிமெண்டுத் தரையில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. விபத்து என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் பஜார் ரோட்டில் போகும்போதெல்லாம் பின்னால் ஒரு சத்தம். தரை தெரியாதவன் பாதத்தைத் தட்டித் தட்டி வைக்கும் சத்தம். நான் நின்றாலும் அது நிற்பதில்லை. இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சுல்ஃபத் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, சார். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் வந்து விஷயத்தைச் சொன்னதுமே ஆலையைப் பூட்டி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டதாகச் சற்றுமுன் சொன்னீர்கள். தயவுசெய்து யாரையாவது அனுப்பிக் குளிரூட்டியை மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். தெரிந்தே ஓர் உயிரைச் சாகவிட என்னால் முடியாது.