பத்து சாமாரில் காய்ந்த துணிகள்

அங்க வேணாம் சார், நாற்காலிய இப்படி ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க. அங்க காத்து வராது. பரவால்லையா? சரி, உங்க இஷ்டம். இல்ல, தரைக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

படத்த மறுபடி குடுங்க. கண்ணாடி எங்க வச்சேன்... ஆங். எங்க வீடுதான் சார், சந்தேகமே இல்ல. பத்து சாமார் தீவுல நாங்க இருந்த வீடு. தூணு மேல நிக்குது பாருங்க. இது தண்ணித் தொட்டி, இது ரேடியோ கம்பம். நடுவுல ஓடுற கயிறு என் வீட்டுக்காரரு கட்டுனது. இந்த நீலச் சட்டையும் அவருதுதான். முழங்கை கிட்ட ஜெனரேட்டர் எண்ணெ, எத்தன சோப்பு போட்டும் போகல. பதினேழு வருசம் கழிச்சு அந்தக் கறைய வெளிநாட்டுக் கோர்ட்டுல பெருசு பண்ணிக் காட்டுவாங்கன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு மனுசன். இல்ல, அவரு இல்ல சார். திவாகரன் போயி மூணு வருசமாச்சு, நெஞ்சு வலி. அதனாலதான என்னத் தேடி வந்திருக்கீங்க. அந்த வீட்டப் பத்திச் சொல்ல இனி நான் ஒருத்திதான் பாக்கி.

கீழ தேதி இருக்கு. மார்ச்சு பதினொண்ணு. இது பதிமூணு, இது பதினாறு. யம்மா, தெனமுமா எடுத்தாங்க? தீவு தங்களுதுன்னு இப்ப கேஸு போட்டிருக்கவங்க கப்பலு தூரத்துல நிக்கும், அது தெரியும். எங்களப் படம் எடுத்தது தெரியாது. எந்த நாடுன்னு என் வாயால சொல்ல மாட்டேன் சார், அவங்கன்னே சொல்லிக்கிறேன். பேரச் சொன்னா நாளைக்கு அதுவும் ஒரு கேஸாயிடும்.

நீங்க கேக்குறது புரியுது. மார்ச்சு ஒண்ணுலேர்ந்து இருவது வரைக்கும் கயித்துல ஆம்பளைங்க துணி மட்டும்தான் இருக்கு. பொம்பள துணி ஒண்ணுகூட இல்ல. இருவத்தொண்ணாந்தேதி திடீர்னு எட்டு புள்ளத் துணி தொங்குது. பர்த் சர்டிபிகேட்டுல எம் பொண்ணு ஷாமளா பொறந்த தேதியும் அதே இருவத்தொண்ணு, பொறந்த எடம் பத்து சாமார். அப்ப நெறமாச வயித்துக்காரி இருவது நாளு எங்க போயிருந்தான்னு அவங்க வக்கீலு கேக்குறாரு. நல்லாத்தான் கேக்குறாரு. வீட்டுல துணி தொவைக்கிற ஆளு போல.

மழ சார். அந்த மாசம் ஒரே மழ. என் துணிய உள்ளாறதான் காயப் போட்டேன். அப்படி எழுதிக்கிறீங்களா? நம்புவாங்களா? ஆம்பளைங்க துணி மட்டும் எப்படி மழையில காஞ்சுச்சுன்னு கேப்பாங்களோ? கேப்பாங்கல்ல.

கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன் சார். 

அந்தத் துணிக் கதையே வேற சார். அந்தப் பாறை இந்தத் தோட்டத்துப் பாடாங்கு தெடல் அளவுதான் இருக்கும், பந்து ஒதைச்சா கடலுல விழும். மண்ணு கெடையாது, மரம் கெடையாது, பூராவும் பறவ எச்சம். எங்களுக்குச் சம்பளம் வந்தாப் போதும்னு போனோம். அவரு ஜெனரேட்டரு, நான் மெஸ்ஸுல சமையலு. போயி ஒரு மாசத்துலயே அவங்க கப்பல் வந்துச்சு. ஒலிபெருக்கிய வச்சுக்கிட்டு, இது எங்க எடம், காலி பண்ணுங்கன்னு. முன்னாடி ஒரு பீரங்கி, வாய இந்தப் பக்கமா வச்சிருக்கான். நான் அரிசி கழுவிக்கிட்டிருந்தவ அப்படியே உக்காந்துட்டேன். தீவுக்குப் பொறுப்பா இருந்த அதிகாரி, துவான்னு கூப்பிடுவோம், ஓடி வராரு. துப்பாக்கிய எடுங்கன்னு சொல்லப் போறாருன்னு பாத்தா, புஷ்பா, துணியக் காயப் போடுங்கறாரு!

நெசமா சார். சிப்பாயி எந்தப் பாறையிலயும் நிப்பான், அத ஒரு கோர்ட்டும் கணக்குல எடுக்காது, ஒரு பொம்பள தொவைச்சுக் காயப் போட்டாத்தான் அது ஊருன்னு அவரு யாருகிட்டயோ படிச்சு வச்சிருந்தாரு. அன்னிலேர்ந்து ஒலிபெருக்கி கத்துனா நான் போயி துணி போடணும். காஞ்ச துணிய மறுபடி நனைச்சுப் போட்டிருக்கேன். என் கல்யாணச் சேலை செவப்பு, தூரத்துக்குத் தெரியுமாம், அது வெயிலுலயே வெளுத்துப் போச்சு. பீரங்கிக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஒவ்வொரு கிளிப்பா மாட்டுவேன். முதுகு ஜில்லுன்னு இருக்கும். இப்ப உங்க பேனாவப் பாக்குறப்பவும் அப்படித்தான் இருக்கு, தப்பா நெனைக்காதீங்க.

வாம்மா, வையி. டீ எடுத்துக்குங்க சார். சீனி கம்மியாதான் போட்டிருப்பா. இது என் தங்கச்சி விமலா. பேச மாட்டா, கையில பைலோட யாரு வந்தாலும் இப்படித்தான். உங்க காரு லயத்து வீட்டு வரிசைக்குள்ள திரும்புனதுமே பின்பக்கமா செம்பனைத் தோப்புக்குள்ள போயிட்டா, நான்தான் கூப்பிட்டு அடுப்பாங்கரையில நிக்க வச்சேன். ஐசியா? அவளதா? அது எதுக்கு சார், கேஸு ஷாமளாவோடதுதான?

சரி, சொல்றேன். எழுதாதீங்க. பேனாவ கீழ வைங்க, சொல்றேன்.

அவளுக்கு ஐசி இல்ல, அடையாள அட்டையே கெடையாது. எனக்கு அப்பா பதிஞ்சாரு. அவ பொறக்குறப்ப அம்மா செத்துப் போச்சு, அப்பா குடியில உழுந்துட்டாரு, யாரும் போயி எழுதல. அவ்வளவுதான் கத. இந்த லயத்துல பொறந்தவ, இந்தத் தோட்டத்து ரோட்டத் தாண்டி எங்கயும் போகாதவ, ஆனா அவ எந்த நாட்டு ஆளுன்னு சொல்ல ஒரு கடுதாசி கெடையாது. நாலாம் வகுப்போட நிறுத்திட்டாங்க. பேசி வச்ச பையன் பதிவு ஆபீசுல போயி விசாரிச்சுட்டு வந்தான், அப்புறம் அந்தப் பக்கமே வரல. ஆஸ்பித்திரிக்குப் போனா மொதல்ல ஐசியக் கேப்பாங்கன்னு காய்ச்சலு வந்தாலும் போக மாட்டா. எத்தன தடவ மனு போட்டோம் தெரியுமா சார்? புத்ராஜெயா பெரிய ஆபீசுக்கே போயிருக்கேன். சாட்சி கொண்டாங்கறாங்க. பெத்தவளையே பொதைச்சாச்சு, வேற என்ன சாட்சி?

அதனாலதான் ஒண்ணு கேக்குறேன். வாசல்ல நிக்கிறப்ப நீங்களே சொன்னீங்கல்ல, இந்தப் பர்த் சர்டிபிகேட்டு பொய்யின்னு ஆயிட்டா ஷாமளாவோட குடியுரிமைய மறுபடி ஆராய வேண்டி வரும்னு. ஆராயறதுன்னா என்ன சார்? நீல ஐசிய வாங்கிக்குவீங்களா? வர்ற வருசம் எஸ்.பி.எம். பரீட்ச எழுதணும் சார். நர்சு படிக்கணும்னு ஆச. ரவாங்ல ஒரு காலேஜு விலாசம் வாங்கி வச்சிருக்கா. அவளும் உங்க காரு வர்ற சத்தத்துக்கு செம்பனைக்குள்ள ஓடணுமா?

நான் கத்தல சார். மன்னிச்சிக்குங்க.

எழுதிக்குங்க, கேளுங்க. பொறந்த நேரம்... பகலு பதினொன்ற. நல்லா ஞாபகம் இருக்கு, அப்பதான் மில்லு சங்கு ஊதுச்சு.

கப்பலு. கப்பல் சங்கு சார், மில்லுன்னு வாயில வந்துருச்சு. இங்க செம்பனை மில்லு தெனமும் ஊதிக்கிட்டே இருக்குதுல்ல, அந்தப் பழக்கம். வலி ரெண்டு நாளு. தகரத்துல மழ அடிக்கிது, பக்கத்து வீட்டு அக்காதான் வெந்நி... இல்ல சார், தீவுல ஏது பக்கத்து வீடு. நான் என்ன சொல்றேன் பாருங்க. பயத்துல எல்லாத்தயும் கலந்து சொல்றேன். பொறந்த நாளா? இருவத்தொண்ணுதான் கொண்டாடுவோம், கேக்கு வெட்டுவோம். விமலா மட்டும் ஒரு வாரம் முன்னாடி, பதினாலாந்தேதியே பாயாசம் வச்சிடுவா. வருசா வருசம். ஏன்னு நாங்க கேக்கறதில்ல.

நீங்க எழுதறத நிறுத்திட்டீங்க.

தம்பி... தம்பின்னு கூப்பிடலாம்ல? கார்டுல புனிதன்னு போட்டிருக்கு. உங்க ஊரு எது? ரவாங்ல வீடு, சரி, அதுக்கு முன்னாடி? கெர்லிங்கா! எந்தத் தோட்டம்? அப்ப லயம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. உங்க லயத்துலயும் ஒரு விமலா இருந்திருப்பா. இருந்தாங்களா. ம். அவங்க இப்ப எங்க இருக்காங்க?

சரி, வேணாம் விடுங்க.

நான் லீவுக்கு இந்த வீட்டுக்கு வந்திருந்தேன் தம்பி, அந்த மார்ச்சுல. கல்யாணமாகி ஒம்போது வருசம், எனக்குப் புள்ள இல்ல. இருவதாந்தேதி சப்ளை கப்பல்ல திரும்பிப் போனேன், கையில ஒரு துணி மூட்டையோட. பொம்பள கையில புள்ள இருந்தா எவன் கேக்கப் போறான்? யாரும் கேக்கல. துவான் மட்டும் படிக்கட்டு கிட்ட நின்னுக்கிட்டு என்னப் பாத்தாரு, மூட்டையப் பாத்தாரு, தூரத்துல நிக்கிற அவங்க கப்பலப் பாத்தாரு. ரொம்ப நேரம். அப்புறம் மெதுவா, இது இங்கதான பொறந்துச்சு, புஷ்பான்னாரு. நான் ஆமான்னு சொல்லல. தலையக்கூட ஆட்டல. புள்ள அழுதுச்சு, அதத் தட்டிக் குடுத்துக்கிட்டு நின்னேன். மறுநாள் அவரே பாரத்துல எழுதிட்டாரு. அவருக்குத் தீவுல ஒரு புள்ள வேண்டியிருந்துச்சு, எங்களுக்கு ஒரு கடுதாசி வேண்டியிருந்துச்சு. பேருகூட அவரு சொன்னதுதான், பாறையோட பேரு வரணும்னு சாமார்னாரு. என் வீட்டுக்காரருதான் அத ஷாமளா ஆக்குனாரு. பத்திரிகையில படம் போட்டாங்க, பாறையின் மகள்னு. எட்டு புள்ளத் துணி, புதுசு, துவான் ஸ்டோருலேர்ந்து எடுத்துக் குடுத்தது. புள்ளைக்குக் கட்டுறதுக்கு முன்னாடி கயித்துல போடச் சொன்னாரு.

அன்னிக்கு அவங்க கப்பலு ஒலிபெருக்கியில கத்தவே இல்ல தம்பி. பேசாம நின்னுட்டுப் போயிருச்சு. நாங்க ஜெயிச்சிட்டோம்னு நெனச்சோம். அவன் படம் எடுத்துக்கிட்டிருந்திருக்கான்.

இப்ப நீங்க கோர்ட்டுக்குன்னு கொண்டாந்திருக்கிற சத்தியக் கடுதாசியில நான் என்னன்னு கையெழுத்துப் போடறது? பொய்யின்னு போட்டா எம் பொண்ணுக்கு நாடு இல்ல. நெசம்னு போட்டா, அந்தக் கோர்ட்டுல நிக்க வச்சு, ஆம்பளைங்க துணி எப்படிம்மா மழையில காஞ்சுச்சுன்னு கேப்பான். நான் ஒளறிடுவேன். உங்ககிட்டயே ஒளறிட்டேன், டீ ஆறுறதுக்குள்ள. நீங்களா ஏதாச்சும் எழுத முடியுமா? பொம்பளைக்கு மறதி, ஒடம்பு சரியில்ல, சாட்சி சொல்ற நெலமையில இல்லன்னு? அப்படி ஒரு பாரம் இருக்குமே, எல்லாத்துக்கும்தான் உங்ககிட்ட பாரம் இருக்கே.

அந்தா, ஸ்கூல் பஸ்ஸு சத்தம். ஷாமளாதான். தம்பி, ஒண்ணே ஒண்ணு, அவகிட்ட கேளுங்க, நீ எங்க பொறந்தேன்னு. பத்து சாமார்னு டக்குனு சொல்லுவா. பள்ளிக்கூட மேப்புல பேனாவால புள்ளி வச்சு வச்சிருக்கா, மேப்புல அது இல்லன்னு அவளுக்கு அவ்வளவு கோவம். அவ சொல்றத மட்டும் எழுதிக்குங்க. அவ பொய் சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சது அதுதான்.

விமலா, கதவத் தெற, புள்ள வந்துட்டா. மொகத்தத் தொடச்சிக்கிட்டுப் போ.

தம்பி, அவ உள்ள வர்றதுக்குள்ள அந்த நாற்காலிய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க. விமலா பதினேழு வருசமா அந்த எடத்துல யாரையும் நாற்காலி போட விட்டதில்ல, நீங்க ஆபீசருங்கறதால பேசாம இருந்துட்டா. அங்க பாய விரிச்சுத்தான் அவ ஷாமளாவப் பெத்தா.