மருந்துப் பெட்டியை மறித்த வழக்கு

கல்வராயன் மலைக் குழந்தைகளுக்குக் காவலாய் நின்ற கனிவே, கடமையில் கல்லாய் நின்ற உறுதியே, பணி ஓய்வு பெறும் எங்கள் செவிலியர் உபகாரமேரி அம்மையாரே, வணக்கம்!

தங்கள் புகழைத் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். காதில் விழாதது போல் அமர்ந்திருங்கள்.

இடஒதுக்கீடு கேட்டு ஊர்கள் கொதித்த நாட்கள் அவை. கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்கள் மறியலுக்காக வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. வெள்ளிமலைப் பக்கம் தட்டம்மை பரவி ஒரு குழந்தை இறந்தும் போனது. தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு நடந்தே புறப்பட்டார் அம்மையார். மரத்தைத் தாண்டும்போது மறியலில் நின்ற வீரமுத்து என்பவர் பெட்டியைப் பிடுங்கி வீசினார். மருந்து பாழானது. சுற்றி நின்ற ஊர் இளைஞர்கள் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

மறுநாளே வேறு பெட்டியோடு வயல் வரப்பில் சுற்றி மலையேறி, ஊசி போட்டு முடித்த பிறகுதான் காவல் நிலையப் படி ஏறினார். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த குற்றத்தில் ஊர் இளைஞர் அத்தனை பேரையும் சேர்க்கச் சொன்னார் அதிகாரி. வழக்கில் பெயர் ஏறினால் அரசு வேலை எட்டாக்கனி; அந்த வேலைக்காகத்தானே அவர்கள் வீதிக்கு வந்ததும்.

"தடுத்தது ஒருத்தன் சார். மத்தவங்க நின்னுக்கினு இருந்தாங்க. அவங்க பேரு எதுக்கு?"

"எல்லாரையும் சேத்தாதாம்மா கேஸு நிக்கும்."

"பொய்யில நிக்கிற கேஸு எனக்கு வாணாம் சார்."

மாலைவரை கையெழுத்துப் போடாமல் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். ஒற்றைப் பெயரோடு புகார் எழுதப்பட்ட பிறகே எழுந்தார். அவரிடம் பணிமுறையை மாற்றித் தரக் கேட்டுத் தோற்ற எங்களுக்கு இந்தப் பிடிவாதம் புதிதல்ல.

அந்த ஒரு பெயரையும் எடுக்கச் சொல்லி, வீரமுத்துவின் தாய் லட்சுமியம்மாள் அம்மையாரின் வீட்டு வாசலில் வந்து அழுதார். "பெத்த வயிறு எரியுதும்மா, வாபஸ் வாங்கிக்கங்க."

அம்மையாரும் அழுதார், ஆனால் அசையவில்லை. "மலையில செத்ததும் ஒருத்தி பெத்த புள்ளதாங்க." நீதிமன்றத்திலும் நடந்ததை நடந்தபடி சொன்னார். வீரமுத்து தண்டனை பெற்றார். சட்டம் என்னும் வேலியைப் பிடுங்கவும் அம்மையார் விடவில்லை, வலையாக விரிக்கவும் விடவில்லை.

அன்று எழுதப்படாமல் போன பெயர்களுள் ஒன்று ராசு. போராட்டத்தால் கிடைத்த புதிய ஒதுக்கீட்டில் தேர்வாகி, நம் சுகாதார நிலையத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். ஒரு நாளும் தாங்கள் அதை அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை. இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் அவரே. குரல் நடுங்கினால் பொறுத்தருள்க.

மலையேறித் தேய்ந்த கால்கள் இனி ஓய்வு காணட்டும். தாங்கள் ஊசி போட்ட பிள்ளைகளின் பிள்ளைகளும் வணங்க, நோயின்றி நீடு வாழ்க!

என்றும் தங்கள் அன்பில்,
ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள்