களவா குடியேறிய பொந்து

முக்குளிக்கும் ரப்பர் உடையில் நான் உறைக்குள் திணித்த தலையணை மாதிரி இருப்பேன், ஐயா. நல்லவேளை, மீன்கள் சிரிப்பதில்லை. அக்கா சிரிப்பாள்.

"மீனை நீ பாக்கிறது இருக்கட்டும்டி, உன்னைப் பாத்து அது மிரளாம இருந்தாச் சரி" என்பாள். கடல் ஆய்வு நிலையத்தின் தலைவி அவள். நான் அவளுடைய தங்கை, உதவியாளர், சுமைதாங்கி. கடலில் இறங்கும்போது கத்தியைக்கூட அவள் வைத்துக்கொள்ள மாட்டாள். அதைக் கட்டிக்கொள்ளத்தான் என் கெண்டைக்கால் இருக்கிறதே.

நாங்கள் கவனித்துவந்தது களவா மீனை. பாறைப் பொந்துகளில் வாழும். எல்லாம் பெண்ணாகவே வளரும். பிறகு கூட்டத்துக்கு ஒன்றுதான் ஆணாகும். அந்த ஆண் இல்லாமல் போனால், அடுத்த பெரிய பெண் அதன் இடத்துக்கு வரும். நடத்தை முதலில் மாறும், உடம்பு அப்புறம்தான். இது எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று நான் யோசித்ததே இல்லை. யோசிப்பதில் நான் கொஞ்சம் மந்தம்.

அன்று ஆண் மீனைக் காணோம். யாரோ விட்டுப்போன வலை பாறையில் சுற்றிக் கிடந்தது, அதில் மாட்டியிருக்கும். பெரிய பெண் மீன் மற்றவற்றை விரட்ட ஆரம்பித்திருந்தது. கிட்டத்தில் பார்க்கப் போன அக்காவின் முதுகிலிருந்த காற்று உருளை அதே வலையில் சிக்கிக்கொண்டது. திமிறத் திமிற இறுகியது. என்னைப் பார்த்து இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினாள். வெட்டு என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து அந்த மீன், ஆணின் பொந்துக்குள் முதல்முறையாக நுழைந்தது. நான் வாழ்நாளெல்லாம் காத்திருந்த காட்சி. "எதையும் தொடாதே, நடக்கிறதை நடக்க விடு, பாரு" என்பது முதல் நாளே அக்கா எனக்குப் போட்ட சட்டம். நான் அவள் பேச்சைத் தட்டியதே இல்லை. பார்த்தேன். அவளுடைய காற்று தீர்ந்து, விரல்கள் ஆடாமல் நிற்கும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன்.

இப்போது அவள் நாற்காலியில் நான் உட்காருகிறேன். உயரத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. "அம்மா, உங்க குரலே மாறிப்போச்சு" என்றார் படகோட்டி. அழுது அழுது அப்படி ஆகிவிட்டதாக அவருக்கு நினைப்பு.

கத்தி முன்பே தொலைந்துவிட்டது என்று உங்கள் விசாரணையில் நான் சொன்னது பொய். அதை அந்தப் பொந்துக்குள் போட்டேன். எடுக்க ஆள் அனுப்பினால் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். அந்த மீன் இப்போதுதான் குடியேறியிருக்கிறது. அதைத் தொந்தரவு செய்வது பாவம்.