மாப்பிள்ளைக்காக வகுத்த ஆட்டம்

கூடைப்பந்து தெரியாது என்று வாக்குமூலம் எழுத உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டீர்கள். அதற்கு வெட்கப்பட வேண்டாம் சார், எங்கள் கோச்சுக்கும் தெரியாது. அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கும், உங்கள் கழுத்தில் அது இல்லை. மெதுவாகவே சொல்கிறேன். புரியாவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். அவர் கேட்கவே மாட்டார், எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்.

ஆட்டங்களின் வீடியோவைப் பார்ப்பதுதான் என் வேலை. எவன் களைத்ததும் கையைத் தொங்கப் போடுகிறான், எங்கள் தடுப்பு எந்த மூலையில் கிழிகிறது என்று துண்டு துண்டாக வெட்டி எடுத்து, கோச்சுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அரங்கத்துக்கு அடியில், சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்து அறை எனக்கு. ஜன்னல் கிடையாது. வீரர்களின் வியர்வைத் துணி ஒரு பக்கம் சுழன்றுகொண்டிருக்கும், மறு பக்கம் அந்த அணிக்கு இருந்த ஒரே மூளை வேலை செய்துகொண்டிருக்கும்.

இறந்தவனை ஊரே நெட்டையன் என்று கொஞ்சியது. என் தங்கை புருஷன். பிறந்தான், வளர்ந்தான், அதற்கு மேல் அவன் உழைப்பு என்று எதுவும் இல்லை. அதற்கே பதாகை, கைதட்டல், கடைத்திறப்பு. எங்கள் அணியின் தாக்குதல் என்று பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்களே, அது என்ன என்று சொல்கிறேன். பந்து வைத்திருப்பவனுக்குப் பக்கத்தில் நெட்டையன் வந்து சுவர் மாதிரி நிற்பான். துரத்தி வருகிறவன் அந்தச் சுவரில் முட்டிக்கொள்வான். உடனே சுவர் திரும்பிக் கூடையை நோக்கி நடக்கும். பந்தை மேலே தூக்கிப் போட்டால் எட்டிப் பிடித்து வளையத்துக்குள் திணிப்பான். தடுப்பு இன்னும் கேவலம். மற்ற நாலு பேரும் ஆளைக் கோட்டை விடுவார்கள், இவன் கூடைக்கு அடியில் நின்றுகொண்டு கையைத் தூக்குவான்.

வெளியிலிருந்து குறி பார்த்து எறியத் தெரிந்த எந்த அணியும் எங்களை உரித்துத் தொங்கவிடும். ஏனென்றால் கூடையடியை விட்டு இவன் வர மாட்டான். அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. எதிரணி பந்தை உள்ளே எறியும் இடத்திலேயே போய் மறிப்பது, மைதானம் முழுக்க நெருக்குவது, பந்து கையில் விழுந்ததும் ஐந்து பேரும் ஓடுவது. இரண்டு வருஷமாகச் சொன்னேன்.

"நெட்டையன் அவ்வளவு ஓட மாட்டான்பா. அவன் நின்னா போதும், நம்ம வண்டி ஓடும்" என்பார் கோச்.

எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நெட்டையன்தான். மறைக்கவில்லை. "எங்க மச்சானுக்கு ஆட்டம் நல்லாத் தெரியும்" என்று நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை போட்டான். அதற்கு வட்டியாக, வீட்டில் நாலு பேர் கூடினால் ஊறுகாய் மாதிரி என்னைத் தொட்டுக்கொள்வான். ஒரு தடவை அம்மா எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். இவன் என் தோளில் அந்த முறம் போன்ற கையைப் போட்டுச் சொன்னான்: "மச்சானுக்குத்தான் சொகுசு. நான் ஓடறேன், அத உக்காந்து பாக்கறதுக்கு அவருக்குச் சம்பளம். எங்க வீடியோக் கடைக்காரர்!"

அம்மா சிரித்தாள். தங்கைக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். அந்தக் கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படிச் சின்னத்தனமான ஆள் இல்லை நான். எனக்கு ஆட்டம்தான் முக்கியம்.

தங்கை ஒருநாள் என் அறைக்கே வந்தாள். அவள் அங்கே இறங்கி வந்ததே இல்லை. சலவைச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"அண்ணா, மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குது. டாக்டர்கிட்ட போலாம்னா, சீசன் முடியட்டும்ங்கறாரு. உக்கார வச்சிடுவாங்கன்னு பயம்."

"வயசாகுதுல்ல."

"இல்லண்ணா, எனக்கு என்னவோ சரியாப் படல. நீதான் அவர் ஆடறத தினமும் பாக்கறியே. கொஞ்சம் கவனிச்சுப் பாத்து சொல்லேன். நீ சொன்னா நான் கோச்கிட்டயே போய் நிப்பேன்."

"பாக்கறேன். நீ கவலப்படாம போ."

பார்த்தேன். அதில் நான் வாக்குத் தவறவில்லை. அந்த சீசனின் எல்லா ஆட்டத்தையும், பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அவனை மட்டும் பார்த்தேன். அடுத்தடுத்து ஓட வேண்டி வந்தால் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். பெரிதாக்கிப் பார்த்தால் நாடா அவிழ்ந்தே இருக்காது. கூடைக் கம்பத்தின் மெத்தையில் சாய்ந்து நெஞ்சை உள்ளங்கையால் அழுத்தினான். ஒரு ஆட்டத்தில் கண் செருகி, நடுவரின் தோளைப் பிடித்துக்கொண்டான். வேடிக்கை காட்டுகிறான் என்று அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆயிரக்கணக்கான பேர், காசு கொடுத்து வந்தவர்கள், ஒருத்தனுக்கும் கண் இல்லை. நான் மட்டும்தான் பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்தேன். கல்லூரியில் என்னோடு ஆடிய ஒருவன் இப்படித்தான் குனிந்து குனிந்து நின்றான். ஒருநாள் குனிந்தவன் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். அதனால் நான் என்ன பார்க்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

தங்கைக்கு போன் செய்தேன். "ஒண்ணுமே இல்ல. உடம்பு போட்டுட்டாரு, சோம்பல். நல்லா ஓடினா சரியாயிடும்."

"அப்பாடா" என்றாள். "உடம்பக் குறைங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

அணி மருத்துவர் என்று ஒருவர் உண்டு. ஆளைத் தொட்டுப் பார்ப்பதை விட்டு, நான் வெட்டிக் கொடுக்கும் துண்டுகளைத் திரையில் பார்த்தே எல்லாம் சரி என்பார். அவருக்குப் போனவற்றில் நாடா கட்டும் காட்சி எதுவும் இல்லை. நெட்டையன் வளையத்தில் தொங்கும் காட்சிகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். ரசித்துப் பார்த்தார்.

பிறகு தொடர்ந்து தோற்றோம். முதலாளி கோச்சைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கிறார். அந்த மகானுபாவர் முதல் முறையாகப் படியிறங்கி என் அறைக்கு வந்தார்.

"உன் திட்டத்த எடுப்பா. நெட்டையன் தாங்குவானா?"

"தாராளமா. நீங்கதான் சார் அவரப் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க."

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், என் திறமை இதில்தான் இருக்கிறது. பந்தை உள்ளே எறிபவன் முகத்துக்கு எதிரே உயரமானவனை நிறுத்திக் கையைத் தூக்க வைப்பது எல்லா அணியும் செய்வதுதான். அவனைத் தாண்டிப் பந்து போய்விட்டால், பின்னால் கூடையைக் காக்க இன்னொருவன் நிற்பான். நான் வரைந்ததில் அந்த இன்னொருவனும் நெட்டையனே. முன்னாலும் அவன், பின்னாலும் அவன். ஒவ்வொரு முறையும் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவன் பறக்க வேண்டும். ஆட்டம் தெரிந்த எவனும் பார்த்த உடனே இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்டிருப்பான். கோச் பார்த்தார். அந்த நீளமான அம்புக்குறி மேல் விரலை ஓட்டிவிட்டு, "அழகா இருக்கு" என்றார்.

நிஜமாகவே அழகாக இருந்தது. எதிரணி பந்தை உள்ளே கொண்டுவரவே திணறியது. நாங்கள் பிடுங்கினோம், போட்டோம், மறுபடி பிடுங்கினோம். பாதி ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்றது. உடை மாற்றும் அறையில் நெட்டையன் சுவரோடு சாய்ந்து, தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். கோச் அவன் முதுகைத் தட்டி, "இத்தன நாளா எங்கடா வச்சிருந்தே இத?" என்றார். அவன் உதடு வெளுத்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். மனிதாபிமானம் இல்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மறுபாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் முஷ்டியை உயர்த்தினான். எங்கள் அணியில் அது, என்னை வெளியே எடுங்கள் என்பதற்கு அடையாளம். கோச், ஓரத்துப் பெஞ்சில் இருந்த எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுவரோடு மல்லுக்கு நின்றார். மாற்று ஆட்டக்காரர்கள் ஸ்கோர் பலகையைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் பார்வை வரிசையாக எல்லோர் மேலும் போய், கடைசியில் என்னிடம் வந்து நின்றது. "மச்சான்" என்று அவன் வாய் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை.

கோச்சின் சட்டையை நான் இழுத்திருக்கலாம். கை எட்டும் தூரத்தில்தான் நின்றார். நான் கையை நீட்டி, மைதானத்தின் மறு கோடியைக் காட்டினேன்.

தெரிந்தேதான் காட்டினேன் சார். விழுவான் என்று தெரியும், எழ மாட்டான் என்பதும் ஏறக்குறையத் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். நடுக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தான், முகம் குப்புற விழுந்தான். பிறகு கோச் தொலைக்காட்சியில் அழுதார், விசிலைக் கழற்றாமலே. மருத்துவர், அவன் இதயக் கோளாறு யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்றார். என் தங்கை மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதற்குப் பிறகு என் முகத்தில் விழிப்பதில்லை. கோபத்தில் செய்தேன் என்று நினைக்கிறாள், பாவம். வாதாடவில்லை, சிரிக்கவில்லை, தோளில் கை போடவில்லை, நான் காட்டிய பக்கம் அவன் பேசாமல் ஓடினான் பாருங்கள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆன நாளிலிருந்து, என் பேச்சுக்கு ஒரு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.